மிஸ்ஸியிடம் கேளுங்கள்: தட்டு ஏன் நிறைந்தபடியே திரும்பியது?

பினாங்கு வார்டுகளில் 34 ஆண்டுகள் தாதியாக, இங்கே சொல்வதுபோல் மிஸ்ஸியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி தாதிமை படிக்கும் பிள்ளைகளிடமிருந்து வந்தவை. மற்றவை வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் நோயாளிகளும் எழுதியவை. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

*

“மிஸ்ஸி, நான் தாதிமை டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. பக்கவாதம் வந்த 68 வயது நோயாளிக்குக் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதினேன். புத்தகத்தில் இருந்தபடி ஐந்து பிரச்சினை, ஒவ்வொன்றுக்கும் குறிக்கோள், செய்ய வேண்டியவை என்று எல்லாம் எழுதினேன். டியூட்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலே ‘இது யாருடைய பிளான்?’ என்று மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார். எங்கே தப்பு செய்தேன்? டாக்டர் சொல்லும் நோய்க்கும் நாங்கள் எழுத வேண்டிய பிரச்சினைக்கும் என்ன வித்தியாசம் என்பதும் இன்னும் குழப்பமாக இருக்கிறது.”
– மாணவி, பட்டர்வொர்த்

தங்கச்சி, நீ அனுப்பிய பிரதியை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. ‘உடல் அசைவு குறைவு’, ‘தோல் புண்ணாகும் அபாயம்’, ‘சுயபராமரிப்பு முடியாமை’, ‘பதற்றம்’, ‘நோய் பற்றி அறியாமை’. ஐந்தும் சரியான பிரச்சினைகள்தான். ஆனால் இந்தத் தாளை அடுத்த கட்டிலில் மாட்டினாலும் பொருந்தும், கோலாலம்பூரில் ஒரு வார்டில் மாட்டினாலும் பொருந்தும். டியூட்டர் கேட்டது அதைத்தான். உன் நோயாளி எந்தக் கையால் சாப்பிடுவார், தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா, வீட்டில் யார் இருக்கிறார்கள், கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா, முன்பு என்ன வேலை செய்தார் – இரண்டு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த மனிதரை நீ இன்னும் பார்க்கவில்லை, அவருடைய நோயை மட்டும் பார்த்திருக்கிறாய்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தாத்தா. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டியவர். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைப் பார்த்துக்கொள்வதும் அந்த இடது பக்கம்தான், அதனால் அவருக்குப் பேச்சும் போய்விட்டது. ஒன்றிரண்டு சொல் வரும், அதுவும் திக்கித் திணறி. வந்த அன்றே நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டியில் தண்ணீர் கொடுத்து, விழுங்கும் திறனைச் சோதித்தாகிவிட்டது. இருமல் இல்லை, குரல் கரகரக்கவில்லை. கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தட்டு நிறைந்தபடியே திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று நாள் ரிப்போர்ட்டிலும் ஒரே வரி: ‘மக்கான் செடிக்கிட்’, கொஞ்சம்தான் சாப்பிட்டார். நானும் அதையேதான் எழுதினேன். மூன்றாம் நாள் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது.

அன்றைக்குப் பகல் 12 மணிக்குச் சாப்பாடு வந்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. தாத்தா தட்டைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். எதிர்க் கட்டிலைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவர்களைப் பார்த்தார், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை நான் கேட்டேன்: “தாத்தா, பீச்சாங்கையால சாப்பிடக் கூச்சமா இருக்கா?” கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

அவருக்குப் பசி இருந்தது. இத்தனை பேர் பார்க்க இடது கையால் சோற்றைத் தொட மனம் வரவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு வைத்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தோம். ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

அப்புறம் நான் எழுதிய பிளானைச் சொல்கிறேன், உன்னுடையதோடு வைத்துப் பார். பிரச்சினை: தானாகச் சாப்பிட முடியவில்லை. காரணம்: பழகிய வலது கையில் பலம் இல்லை, மற்றவர் முன் இடது கையால் சாப்பிடக் கூச்சம். ஆதாரம்: மூன்று நாளாகத் தட்டு ஏறக்குறைய நிறைந்தபடி திரும்புகிறது, இடது கையைத் தூக்கி மறைத்துக்கொள்கிறார், கேட்டபோது தலையசைத்து ஒப்புக்கொண்டார். குறிக்கோள்: இரண்டு நாளுக்குள், அதாவது வியாழன் மதியத்துக்குள், தட்டில் பாதியையாவது தானே சாப்பிட வேண்டும். செய்ய வேண்டியவை: சாப்பாட்டு நேரத்தில் திரையை இழுத்துவிடுவது, கையால் அல்லாமல் கரண்டியால் சாப்பிட வைப்பது, ஏனென்றால் இடது கையில் கரண்டி பிடிப்பது அவருக்கு அவ்வளவு உறுத்தவில்லை, தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி விரிப்பது, நிமிர்த்தி உட்கார வைத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் பார்ப்பது, அவர் மனைவியான பாட்டியை மதியமும் உள்ளே விடும்படி வார்டு சிஸ்டரிடம் கேட்பது. புதன்கிழமை மதியம் முக்கால் தட்டு காலி. குழாய்ப் பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. டாக்டர் சொன்னது ‘மூளையில் அடைப்பு’. அதற்கு மருந்து எழுதுவது அவர் வேலை. அந்த அடைப்பால் இந்த மனிதருக்கு அன்றாடம் என்ன முடியாமல் போனது, எதற்குப் பயப்படுகிறார், நாளைக்கு என்ன ஆபத்து வரக்கூடும் என்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாதியர் கூடி, தாங்கள் கண்டறியும் பிரச்சினைகளுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்தத் தொடங்கினார்கள். உன் புத்தகத்தில் இருக்கும் நாண்டா பட்டியல் அதிலிருந்து வளர்ந்ததுதான். பட்டியல் நல்லது. அது உனக்குச் சொல் தரும், நோயாளியைத் தராது.

நீ காரணம் என்ற இடத்தில் ஐந்து தடவையும் ‘பக்கவாதத்தால்’ என்று எழுதியிருக்கிறாய். டியூட்டருக்கு எரிச்சல் வந்தது அங்கேயாகத்தான் இருக்கும். பக்கவாதத்தை நீயும் நானும் மாற்ற முடியாது. கூச்சத்தை மாற்றலாம், நகரும் தட்டை மாற்றலாம். உன் கையால் மாற்றக்கூடிய காரணத்தைத் தேடி எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்பது அதிலிருந்தே வந்துவிடும். ‘அபாயம்’ என்று தொடங்கும் பிரச்சினைக்கு மட்டும் ஆதாரம் என்ற பகுதி கிடையாது, ஏனென்றால் அது இன்னும் நடக்கவில்லை. அங்கே ஏன் அபாயம் என்பதை எழுதினால் போதும்.

இன்னொன்று. நோயாளி சொன்னதையும் நீ பார்த்ததையும் தனித்தனியாக எழுது. சொன்னதை அவர் வாயில் வந்த சொல்லாகவே எழுது. வலிக்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பார்: சுருக்சுருக்கென்று குத்துது, விண்விண்ணென்று தெறிக்குது, குடையுது, எரியுது, கடுக்குது, இழுக்குது, பாரமாக அழுத்துது. விண்விண் என்று தெறித்தால் உள்ளே சீழ் கட்டுகிறதா என்று பார்க்கத் தோன்றும். பாதம் எரிந்தால் இனிப்புநீர் (நீரிழிவு) நரம்பைத் தொட்டுவிட்டதா என்று கேட்கத் தோன்றும். நெஞ்சில் பாரம் என்று ஒரு பாட்டி சொன்னால், அவரே ‘வாய்வுதான்மா’ என்று சமாதானம் சொன்னாலும், நான் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லாமல் நகர மாட்டேன். மலாயிலும் ஙிலு, செனாக் என்று நுணுக்கமான சொற்கள் உண்டு. அவசரத்தில் நாம்தான் எல்லாவற்றையும் ‘சாக்கிட்’, அதாவது வலி, என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2008இல் வலியையும் நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தத்தோடு சேர்த்து ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொண்டுவந்த பிறகு எல்லாரிடமும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் பெரியவர்கள் ‘என்னமோ, ஒரு அஞ்சு இருக்கும்’ என்பார்கள், உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று. எண்ணோடு நிறுத்திவிடாதே. எப்படி வலிக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது, தூங்க விடுகிறதா என்றும் கேள். கேட்கும்போது கொஞ்சம் உட்கார்ந்து கேள். நின்றுகொண்டு கேட்டால் அவர்களுக்குச் சுருக்கமாகத்தான் பதில் வரும்.

உன் 68 வயதுக்காரர் இன்னும் வார்டில் இருந்தால், நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார். அப்புறம் எழுது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

*

“வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இரவு ஷிப்டில் ஒருவருக்கு நிறைய நோயாளிகள். மூத்தவர்கள் மூச்சை எண்ணாமல் எல்லாருக்கும் 18, 20 என்று எழுதிவிடுகிறார்கள். ஆக்சிஜன் அளவுதான் மெஷினில் வருகிறதே, போதாதா என்கிறார்கள். நான் மட்டும் நின்று எண்ணினால் வேலை முடிவதில்லை.”
– தம்பி ஒருவர், ஜெலுத்தோங்

எண்ணுங்கள் தம்பி. இதை அனுபவித்தவள் சொல்கிறேன்.

நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். நுரையீரல் சளிக் காய்ச்சலோடு வந்த ஓர் அம்மா. மாலை ஷிப்டில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். மூச்சு என்ற கட்டத்தில் முன்பு 20 என்று இருந்தது, நானும் 20 போட்டேன். அவர் என்னோடு பேசினார், சிரித்தார். ஆனால் இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதைக் காதால் கேட்டும் மனத்தில் வாங்கவில்லை. இரவு ஒன்பதுக்கு வந்த மூத்த மிஸ்ஸி நின்று எண்ணினார். 34. அன்றிரவே அந்த அம்மாவைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. அட்டவணையில் நான் போட்ட 20க்குப் பக்கத்தில் அவர் எண்ணிய 34ஐ எழுதி, என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். அந்தத் தாள் இன்றும் கண்ணில் நிற்கிறது.

உடம்பு கெட ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். ரத்த அழுத்தம் விழுவது பின்னால். வேகமாக மூச்சு வாங்கி உடம்பு சமாளித்துக்கொண்டிருக்கும் வரை, மெஷின் 96, 97 என்றே காட்டும். அதைப் பார்த்து நாம் நிம்மதியாகப் போய்விடுவோம். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று கணிக்க 2012இல் பிரிட்டனில் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25ஐத் தொட்டுவிட்டால் அந்த ஒன்றுக்கே அதிகபட்ச மதிப்பெண்ணான 3 கொடுக்கிறார்கள். அந்த அளவுக்கு அது முக்கியம்.

மெஷினைப் பற்றி நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. கருத்த தோலில் விரலில் மாட்டும் அந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கருவி தவறவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று கண்டார்கள். நம் வார்டில் படுத்திருப்பவர்களின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் ஆள் சரியாக இல்லை என்று தோன்றினால், ஆளை நம்புங்கள். நகப்பூச்சோ கருமருதாணியோ இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள்.

நேரம் இல்லை என்பது உண்மைதான். நான் செய்தது இது: மணிக்கட்டைப் பிடித்து 30 விநாடி நாடி எண்ணுவேன். கையை விடாமல், நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், அதனால் சொல்வதில்லை. மொத்தம் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் கை சூடா, ஜில்லென்றா, வியர்க்கிறதா, பேச்சு முழு வாக்கியமாக வருகிறதா, எல்லாம் தெரிந்துவிடும். எல்லாரையும் முடிக்க முடியாத இரவில், புதிதாக வந்தவர், அறுவை முடிந்தவர், காய்ச்சல்காரர், ‘ஒரு மாதிரியா இருக்கு மிஸ்ஸி’ என்றவர், இவர்களை முதலில் முடியுங்கள்.

*

“அப்பா வார்டில் இருந்தபோது ஒரே நாளில் ஐந்து பேர் வந்து பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்கள். கையில் பட்டை கட்டியிருக்கிறதே, ஏன் இந்தத் தொந்தரவு?”
– வாசகர், ஆயர் ஈத்தாம்

நான் வேலை செய்த வார்டில் ஒரே வாரத்தில் மூன்று மாரியம்மாள்கள் இருந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு இனிப்புநீர். மருந்தோ ரத்தமோ கொடுக்கும் முன் இரண்டு அடையாளம் சரிபார்ப்பது எங்கள் விதி, நோயாளி வாயால் சொல்லக் கேட்பது அதில் முக்கியம். ‘நீங்கதானே முனியாண்டி?’ என்று கேட்டால் காது மந்தமானவர் எதற்கும் ‘ஆமா’ என்பார். அதனால்தான் ‘உங்க பேர் என்ன?’ என்கிறோம். அப்பாவிடம் சொல்லுங்கள், கேட்காமல் ஊசி போட வருபவரைத்தான் அவர் நிறுத்த வேண்டும்.

*

“மாமியாருக்கு 79 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து ஆறு வாரமாகப் படுக்கை. தினமும் துடைத்து, பவுடர் போட்டு, எண்ணெய் தேய்த்துத்தான் பார்த்துக்கொண்டேன். சாப்பிடுவது வெறும் கஞ்சி, பிஸ்கட், மைலோதான். சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சிவப்பே இல்லை. திடீரென்று பின்புறத்தில் குழி விழுந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் நான் கவனிக்கவில்லை என்பதுபோல் பேசுகிறார்கள்.”
– மருமகள், புக்கிட் மெர்தாஜாம்

அம்மா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனித்தீர்கள். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போதாது.

‘சிவந்திருக்கும்’ என்று புத்தகத்தில் எழுதியவர்கள் வெளுத்த தோலைப் பார்த்து எழுதினார்கள். நம் தோலில் ஆரம்பப் புண் சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் கறுத்தோ, கத்தரிப்பூ நிறத்திலோ இருக்கும். சில நேரம் நிறமே மாறாது. அதனால் கண்ணைவிடக் கையை நம்ப வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் திருப்பி, எலும்பு முட்டும் இடங்களில் புறங்கையை வைத்துப் பாருங்கள்: இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிகால், இடுப்பின் இரு பக்கம், முழங்கை, பின்மண்டை, காது. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ ஜில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால், தொட்டால் முகம் சுளித்தால், அதுதான் ஆரம்பம். அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் பல நேரம் அங்கேயே நின்றுவிடும்.

எலும்பு மேல் எண்ணெய் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அன்பாகத்தான் தேய்த்தீர்கள், ஆனால் நசுங்கிக் கிடக்கும் தோலைத் தேய்ப்பது அதை இன்னும் கெடுக்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பவுடர் வேர்வையோடு கட்டியாகி உரசும்.

படுக்கைப் புண் வருமா என்று கணிக்க 1987இல் வந்த பிரேடன் அளவுகோலைத்தான் நாங்கள் வார்டில் வைத்திருந்தோம். அதில் ஆறு விஷயம்: வலியை உணர்ந்து சொல்கிறாரா, ஈரத்தில் கிடக்கிறாரா, எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையில் தானே அசைகிறாரா, என்ன சாப்பிடுகிறார், இழுக்கும்போது தோல் உரசுகிறதா. கூட்டினால் 6 முதல் 23 வரை வரும். குறைந்தால் ஆபத்து, 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவனம். நீங்கள் கூட்ட வேண்டாம், ஆறு கேள்வியை மட்டும் மாமியாரிடம் வைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், மூன்று இடத்தில் கை வைக்கலாம்.

ஒன்று, திருப்புவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பது வழக்கமான கணக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆள் சோர்ந்துவிடுவோம். வீட்டு வேலையோடு கட்டிவிடுங்கள். காலைத் தேத்தண்ணீருக்கு இடப்பக்கம், பசியாறல் முடிந்து சமையலுக்கு உட்காரும் முன் வலப்பக்கம், இப்படி எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். திருப்பினவர் கையெழுத்துப் போடட்டும். முழுப் பக்கமாகச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக் அதில் மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரி சாய்த்தால் போதும். எலும்பு முறிந்த பக்கம் சாய்க்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் விடுங்கள்.

இரண்டு, இழுப்பது. அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கும்போது தோல் படுக்கையோடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும். உள்ளே கிழிவது அப்படித்தான். ஒரு பழைய கைலியை நான்காக மடித்து அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். உங்கள் இடுப்பும் தப்பிக்கும்.

மூன்று, சாப்பாடு. வெறும் கஞ்சியும் பிஸ்கட்டும் மைலோவும் என்று எழுதியிருக்கிறீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். கஞ்சியிலேயே முட்டை அடித்து ஊற்றலாம், மீனை முள் எடுத்து மசிக்கலாம், சைவம் என்றால் பருப்பும் தவ்வும் (சோயாக் கட்டி). சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெம்பர்ஸ் ஈரமானால் அடுத்த நேரம் வரும் வரை காக்க வேண்டாம்.

குழி விழுந்த புண்ணை வீட்டு வைத்தியத்தில் விடக் கூடாது. மஞ்சள் பூச வேண்டாம். சுகாதார கிளினிக்கில் போய், படுத்த நோயாளியை வீட்டுக்கே வந்து பார்க்கும் டோமிசிலியாரி சேவை உங்கள் பகுதிக்கு உண்டா என்று கேளுங்கள். நாற்றம், சீழ், கறுத்த தோல், காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான தூக்கம், இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

இரவில் திருப்புவது உங்கள் கணவர் வேலையாக இருக்கட்டும். அவருடைய அம்மா. நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

*

“வயது 54. பதினொரு வருடமாக இனிப்புநீர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். கொஞ்ச நாளாகப் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது. வலி இல்லை. போகலாம்தானே?”
– வாசகர், பிறை

வலி இல்லாததுதான் எனக்குக் கவலை, ஐயா. பஞ்சு மேல் நடப்பதுபோல் என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது என்று பொருள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, நம் இனத்தில் அது இன்னும் கூடுதல். தைப்பூசம் முடிந்த வாரங்களில் தார் ரோட்டில் வெந்த பாதங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். கொப்புளம் வந்ததே தெரியாமல், வேட்டியில் கறை பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

இன்றிரவே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிப் படுங்கள். மனைவியோ பிள்ளையோ உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை, இரண்டு காலிலும், ஆள்காட்டி விரலால் ஒரு விநாடி மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், வெறுங்கால் வேண்டாம் என்பதுதான் என் பதில். எல்லாம் தெரிந்தாலும் கிளினிக்கில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் முடிவு.

வேண்டுதலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வார்டில் பிளான் எழுதும்போது நோயாளிக்கு எது பெரிது என்று கேட்காமல் எழுதினால், வீட்டுக்குப் போனதும் அந்தத் தாள் குப்பைக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தம்பியைப் பால்குடம் எடுக்க வைத்து, தான் காலணியோடு பக்கத்தில் நடந்தார். மலையடியில் நின்று கும்பிட்டார். மேலே 513 படியையும் தம்பி ஏறினார். இன்னொருவர் தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நின்றார். குருக்களிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள். எப்படிப் போனாலும் வீட்டுக்கு வந்ததும் பாதத்தடியைக் கண்ணாடியில் பாருங்கள், விரல் இடுக்கையும் பாருங்கள். சுடுதண்ணீரில் காலை வைக்காதீர்கள். சூடு தெரியாது.

*

“ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் சொல்ல ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது?”
– பயிற்சித் தாதி, குளுகோர்

அட்டவணையில் இருப்பதை வாசித்துக் காட்டாதே, அடுத்தவருக்கும் படிக்கத் தெரியும். உன் ஷிப்டில் என்ன மாறியது, எது உன்னை உறுத்துகிறது, அடுத்தவர் எத்தனை மணிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல். முடிந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொல். முதலில் சொன்னேனே, பால் வெட்டிய தாத்தா, அவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொல்லிவிட்டுப் போனது மூன்றே வரி: சாப்பாட்டு நேரத்தில் திரை. கரண்டி இடது கையில். பாட்டி பன்னிரண்டரைக்கு வருவார், உள்ளே விடுங்கள்.